சுடுநீருக்கு முன் ஒரு சொல்

ஜனவரியில் நானும் ஷாஹினாஸும் அலெக்ஸாந்திரியா வந்தோம். ட்ராம் நிலையத்துக்குப் பின்னால் ஐந்து மாடிப் பழைய கட்டடம். கடற்காற்றில் பால்கனிக் கம்பிகள் துருவேறிக் கிடந்தன. எனக்கு நான்காவது மாடி. ஷாஹினாஸுக்கு நேர் கீழே, மூன்றாவது.

இருபது வருடம் சேர்ந்து வானொலி நாடகம் எழுதியவர்கள். அவள் அறைக்குள் நடந்தபடி சொல்வாள். நான் எழுதுவேன், வெட்டுவேன், பாதியை மாற்றுவேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் நின்று கேட்பாள், "எழுதிட்டியா?" வானொலி நிலையத்தில் என்னைத் தட்டச்சுக்காரி என்றே நினைத்தார்கள். அதனால் இந்த முறை தனித்தனி நாவல், தனித்தனிப் பெயர். அது என் யோசனை.

சாவி கொடுத்த காவலாளியின் மனைவி உம் ரிஃபாத், சமையலறைத் தொட்டியைக் காட்டினாள்.

"சுடுதண்ணி ஊத்தறப்போ ‘தஸ்தூர்’னு சொல்லி அனுமதி கேட்டுட்டு ஊத்துங்க மேடம். கீழ கண்ணுக்குத் தெரியாத ஆள் இருக்கு."

"கீழ நான்தான் இருக்கேன்," என்றாள் ஷாஹினாஸ்.

"அப்போ உங்களுக்காகவாவது சொல்லட்டும்."

மூவரும் சிரித்தோம்.

மேசையைக் கடல் தெரியும் ஜன்னலருகே போட்டேன். மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை.

ஒரு மத்தியானம் பருப்பு வேகவைத்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சுழன்று துளைக்குள் இறங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு வாக்கியம் ஏறி வந்தது.

அவள் கைகள் தண்ணீரில் மட்டும் இளமையாக இருந்தன.

சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். ஈர இரும்பின் வாடை. அதற்கடியில், முடி பொசுங்கியது போல ஏதோ ஒன்று.

ஷாஹினாஸின் குரலில்தான் வந்தது. அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இருபது வருடமாக எல்லா வாக்கியங்களும் அந்தக் குரலில்தானே வந்தன. ஒன்று மட்டும் குறைந்தது. எழுதிவிட்டேனா என்று இது கேட்கவில்லை.

பிறகு தினமும் வந்தது. மேசையில் ஒன்றுமில்லை, தொட்டியில் எல்லாம் இருந்தது. சுத்தமான தட்டுகளை எடுத்து மறுபடி கழுவினேன். கதையில் ஒரு சலவைக்காரி, அவள் தங்கை, துணி வேகவைக்கும் செப்புக் கொப்பரை. நாற்பது பக்கம் சேர்ந்தது. முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். இப்திஹால். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "தஸ்தூர்" சொல்ல ஒரு நாளும் மறக்கவில்லை.

சாயங்காலங்களில் ஷாஹினாஸ் ஆரஞ்சு கொண்டுவருவாள்.

"எப்படிப் போகுது இப்து?"

"போகுது."

"எனக்கும். என்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

"சரி சரி. கல்லுளிமங்கி." ரகசியம் தெரிந்தவளைப் போலச் சிரித்தாள்.

கட்டடத்தின் நடுவே கிணறு மாதிரி ஒரு திறந்த இடைவெளி. எல்லாச் சமையலறை ஜன்னல்களும் அதற்குள்தான் திறக்கும். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் அதன் வழியே அவள் குரல் மேலேறியது. பதிப்பாளருக்கு ஃபோனில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அவள் கைகள் தண்ணீரில் மட்டும் இளமையாக இருந்தன."

படியிறங்கிப் போனேன். டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"என் நோட்ட எப்போ படிச்ச?"

"எந்த நோட்டு?"

"நடிக்காத."

அவள் அடுப்பை அணைத்தாள். "நீதானடி சொன்ன. தினம் மத்தியானம், இந்தத் தொட்டி வழியா. உன் குரல் எனக்குத் தெரியாதா? தனியா எழுதறேன்னு வீம்பு பேசிட்டு, இறங்கி வர வெக்கப்பட்டு இப்படிச் சொல்றேன்னு நினைச்சேன். இந்தத் தடவ நீ சொல்ற, நான் எழுதறேன்."

"இருபது வருஷம் என் தோள் மேல உக்காந்திருந்த. இப்போ திருட்டும் பழகிட்ட."

அவள் தொட்டியைப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"நீ இல்லன்னா," என்று கிசுகிசுத்தாள், "பேசறது யாரு?"

நான் கதவை அறைந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் மக்ரோனிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். பசியில்லை. மக்ரோனியைப் போடவும் இல்லை. தண்ணீர் தளதளத்தது. துளைக்குள் குரல் தொடங்கியது.

தங்கை குனிந்திருந்தாள். அக்கா கொப்பரையைத் தூக்கினாள்.

நான் பாத்திரத்தைத் தூக்கினேன். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்தேன்.

ஊற்றினேன்.

அலறல் முதலில் குழாய்க்குள் கேட்டது.

பிறகு ஜன்னலில்.

கீழே ஓடினேன். ஷாஹினாஸ் தன் சமையலறைத் தரையில் கிடந்தாள். வலது காதிலிருந்து கழுத்துவரை வெந்திருந்தது. யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தொட்டித் துளையில் காதை வைத்திருக்கிறாள். சத்தம் கேட்டு வந்த உம் ரிஃபாத் தொட்டிக்குள் கையால் தடவினாள். உள்ளங்கையை என்னிடம் திருப்பிக் காட்டினாள்.

"காஞ்சு கிடக்கு மேடம். ஒரு சொட்டு இல்ல."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். "சொன்னீங்கதானே?"

நான் மேசைப் பக்கம் திரும்பினேன். அங்கே ஷாஹினாஸின் கையெழுத்துப் பிரதி. முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள். என் பெயர் மேலே இருந்தது.

புண் இரண்டு மாதத்தில் ஆறியது. தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் போனால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

இப்போது தந்தா நகரத்தில் இருக்கிறேன். புதுக் கட்டடம், தரைத்தளம். கீழே யாரும் இல்லை. சமைப்பதில்லை, ரொட்டியும் அவித்த மொச்சையும் வெளியே வாங்கிக்கொள்கிறேன். தொட்டியில் எதையும் ஊற்றுவதில்லை. மேசையில் தினமும் உட்காருகிறேன். நான்கு மாதமாக ஒரு வரி இல்லை.

நேற்று மத்தியானம் தொட்டியில் படிந்த தூசியைத் துணியால் துடைத்தேன்.

முடி பொசுங்கும் வாடை.

கொப்பரை கவிழ்ந்தபோது தங்கை அக்காவின் பெயரைத்தான் கூப்பிட்டாள்.

ஷாஹினாஸின் குரல். ஓடிப்போய்ப் பென்சிலை எடுத்துவந்தேன். தொட்டி விளிம்பில் காகிதத்தை வைத்து எழுதினேன். முற்றுப்புள்ளி வைத்தேன்.

குரல் நின்றது. காத்திருந்தது.

"எழுதிட்டியா?"