இரண்டாம் குரல்

கதவுக்கு மேலே, மூங்கில் இடுக்கில்தான் சாவி இருந்தது. மெசாகே அதை எடுத்து, செத்துப்போன தன் மச்சான் அபெனிசாவின் வீட்டைத் திறந்தான். பன்னிரண்டு வருடமாக அவர்களுடைய பாட்டுக் குழு ஒத்திகை பார்த்த கூடம் அது. அபெனிசாவின் மனைவி கெலேரா சர்ச் பெண்கள் கூட்டத்துக்காக பஸ் ஏறிப் போயிருந்தாள். ஐந்து மணிக்கு முன்னால் திரும்ப மாட்டாள். வைலோமா கிராமம் மத்தியானப் புழுக்கத்தில் தூங்கிக் கிடந்தது. நாய்கூட தலை தூக்கவில்லை.

அவன் வந்தது ஒரு பாட்டைப் பதிவு செய்ய. அதற்குத் தன் செல்போனே போதும். ஆனால் தன் வீட்டில் நடக்காது. அங்கே நான்கு பிள்ளைகள், இரண்டு பன்றிகள், ஒரு மாமியார்.

செத்தவன் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? மெசாகே பட்டான். வயிறு எரிய எரியப் பட்டான். அவன் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். 'மழைக்கு முன்னால் வந்துவிடு' என்ற அந்தப் பாட்டின் சொல் அவனுடையது, மெட்டு அவனுடையது, கித்தார் அவனுடையது. பாடியது மட்டும் அபெனிசா. மெசாகே பக்கத்துப் பாயில் உட்கார்ந்து இரண்டாம் குரல் கொடுப்பான். முதல் குரலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டே போகிற குரல். அது இல்லாவிட்டால் பாட்டு நிற்காது. இருந்தால் யாருக்கும் தெரியாது.

"நீ எழுது மச்சான், நான் பாடுறேன்," என்பான் அபெனிசா. "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பாட்டக் கேட்டா, ஜனங்க காசத் திருப்பிக் கேப்பாங்க."

மச்சான்மார் ஒருவரை ஒருவர் எவ்வளவு கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது ஊர் வழக்கம். மெசாகேயும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பான். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

அபெனிசா இருந்தவரை அந்தப் பாட்டை யார் சீந்தினார்கள்? கடற்கரை ஓட்டலில் இறால் தின்றவர்கள் தட்டிலிருந்து தலை தூக்கியதில்லை. பிறகு ஒரு நாள் அவன் பவளப்பாறைக்கு அப்பால் மீன் குத்தப் போனான். சாயங்காலம் முகம் கவிழ்ந்து மிதந்து வந்தான். இரண்டே வாரத்தில் பாட்டு ரேடியோவின் சனிக்கிழமைப் பட்டியலில் ஒன்பதாம் இடம். அப்புறம் நான்கு. அப்புறம் ஒன்று. அங்கேயே குந்திக்கொண்டது, ஐந்து வாரம். "காலஞ்சென்ற அபெனிசாவின் பாட்டு!" என்று ரேடியோக்காரி லவேனியா சொல்லும்போது அவள் குரல் தழுதழுக்கும். மெசாகே என்ற பேர் ஒரு தடவைகூட அவள் வாயில் வரவில்லை.

போன வாரம்தான் அவளே போன் செய்தாள். "அண்ணா, அதே பாட்ட உங்க குரல்ல புதுசா அனுப்புங்களேன். வருஷக் கடைசிப் பட்டியல் வருது, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். உங்க பேர் சொல்லிப் போடுறேன்."

உங்க பேர் சொல்லி! அந்த மூன்று சொல்லைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் தடை ஒன்று இருந்தது. அதைப் போட்டதே இந்தப் புண்ணியவான்தான். யாராவது செத்தால் நூறு இரவுக்கு எதையாவது ஒதுக்கி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒருவன் சவரம் செய்ய மாட்டான், ஒருத்தி பன்றிக்கறி தொட மாட்டாள். அடக்கத்தன்று மெசாகே எழுந்து நின்று, ஊரே கேட்க அழுதுகொண்டு சொன்னான்: "நூறு ராத்திரி முடியிற வரைக்கும் என் மச்சான் பாடின முதல் குரல யாரும் பாடமாட்டோம்." எல்லோரும் அவன் பாசத்தை மெச்சினார்கள். பாட்டு இப்படி ஏறும் என்று அப்போது யார் கண்டார்கள்? இன்றைக்கு அறுபத்து மூன்றாம் நாள்.

'ஊர் கூடி, பாய் விரிச்சுப் பாடினாத்தானே பாட்டு? தனியா முனகுறது ஒரு கணக்கா?' என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டான்.

ஜன்னல்களைச் சாத்தினான். தொண்டை வறண்டிருந்தது. யங்கோனா வேர்ச்சாறு குடிக்காமல் அந்தத் தீவில் யாரும் பாட உட்கார மாட்டார்கள். வேர்ப்பொடியைத் துணியில் கட்டி, மரத்தொட்டித் தண்ணீரில் பிசைந்தான். கலங்கலான சாறு இறங்கியது. கையைக் குழித்து ஒரு தடவை தட்டினான். சிரட்டையில் மொண்டு, வலது பக்கம் நீட்டித் தரையில் வைத்தான்.

வைத்த பிறகுதான் உறைத்தது.

வலது பக்கம் அபெனிசாவின் இடம். முதல் சிரட்டை எப்போதும் முதல் குரலுக்கு. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. கைதட்டி நீட்டினால் அது அழைப்பு. நீட்டிய சிரட்டையைத் திரும்பத் தொட்டியில் கொட்டுவது, கொடுத்த ஆளின் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

'இனிமே முதல் குரல் நான்தானே, நானே குடிச்சுட்டா சரியாப் போச்சு,' என்று கையை நீட்டினான்.

சிரட்டை காலியாக இருந்தது.

அடியில் மட்டும் கொஞ்சம் ஈர மண். தரை நனையவில்லை. விரிசல் இருக்கும் என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். விரிசல் இல்லை. சாத்திய கூடத்துக்குள் கடல்பாசி வாடை வந்தது, வலையில் சிக்கி வெயிலில் கிடந்த பாசியின் வாடை.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். நீங்களும் நானும் ஓடியிருப்போம். ஆனால் வெள்ளிக்கிழமை நாளைக்கு.

செல்போனை எதிரே சாய்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முதல் குரலில் பாடினான். கூடத்தில் அவன் குரல் மட்டும்தான் கேட்டது. பாடி முடித்ததும் மூச்சு வாங்கியது. நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று பதிவைப் போட்டுக் கேட்டான்.

பதிவில் இரண்டு குரல்.

முதல் குரல் அவனுடையது. அதற்குக் கீழே, அவன் பன்னிரண்டு வருடம் பாடிய அதே இரண்டாம் குரல் வரி, இழைந்து இழைந்து வந்தது. பாடியது அவன் இல்லை.

இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவில், காதோடு சொல்வது போல ஒரு கிசுகிசுப்பு.

"மச்சான்... சுதி இறங்குது பாரு."

மெசாகே துள்ளி எழுந்தான். செல்போனைப் பாயில் போட்டுவிட்டுக் கதவு வரை போனான். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அங்கேயே நின்று பாட்டை முழுக்கக் கேட்டான். பயத்தை மீறி இன்னொன்று அவன் நெஞ்சில் எரிந்தது. சே, எவ்வளவு நன்றாக இருக்கிறது! எனக்கு வந்த பங்கையும் இந்தப் பாவி என்னைவிட நன்றாகப் பாடுகிறானே!

அதோடு விட்டிருக்கலாம். அவன் செய்தது என்ன தெரியுமா? அந்தக் கிசுகிசுப்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, பாட்டை லவேனியாவுக்கு அனுப்பினான். கூட ஒரு வரி எழுதினான்: 'ரெண்டு குரலும் நானே.'

சனிக்கிழமை மத்தியானம் ரேடியோ அலறியது. "முதல் இடம்! வைலோமா மெசாகே! ரெண்டு குரலும் அவரே!" அவன் மனைவி லித்தியா அடுப்பை விட்டு ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு தெருவில் ஓடின. மெசாகே புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனான், ஒன்றும் வாங்க வேண்டாம் என்றாலும்.

கடைக்காரி டின் மீனைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "மேல பாடுறது பரவால்ல. ஆனா கீழ ஒரு குரல் வருது பாரு, அய்யோ, ஆளையே உருக்குது!"

பஸ் நிறுத்தத்தில் அதையே சொன்னார்கள். சர்ச் வாசலிலும் அதையே சொன்னார்கள். இத்தனை காலம் இரண்டாம் குரலை எவனும் கண்டுகொண்டதில்லை. இவன் முதல் குரலுக்கு வந்த மறுநாள் ஊருக்கே இரண்டாம் குரலுக்குக் காது முளைத்துவிட்டது. புகைந்துகொண்டே வீட்டுக்கு வந்தால், வாசலில் சாகியுசா உட்கார்ந்திருந்தார். குழுவில் அடிக்குரல் பாடுகிறவர், மூத்தவர்.

"யாருடா அது?" என்றார்.

"நான்தான் அண்ணே. ரேடியோல சொன்னாங்களே."

"பன்னெண்டு வருஷமா உன் எடது பக்கம் உக்காந்தவன்டா நான். உனக்குக் குரல் மூக்குல வரும். இது நெஞ்சுல இருந்து வருது."

"என்ன அண்ணே, பொறாமையா?"

"பயம்டா," என்றார் அவர் மெல்ல. "ஒதுக்கி வெச்சத நீயே எடுத்துட்ட. கெலேராகிட்டயும் ஊர்ப் பெரியவங்ககிட்டயும் யங்கோனா வேர் வெச்சு மன்னிப்புக் கேளு. அந்தக் குரல் அவனோடதுன்னு சொல்லிடு. முடிஞ்சு போயிடும்."

சொல்லிவிடலாம்தான். சொன்னால் லவேனியா மறுபடி என்ன சொல்வாள்? செத்தும் பாடிய அபெனிசா! நாடே அழும். மெசாகேயின் பேர் மறுபடி அடியில் போகும். அவனால் அது முடியாது. செத்தாலும் முடியாது.

"நான் பாடினது நான் பாடினதுதான்," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கெலேரா வந்தாள். அபெனிசாவுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் இவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. அவனுக்கு வலது பக்கமாக, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவரு நல்லா இருக்காரா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

மெசாகே வலது பக்கம் திரும்பிப் பார்க்காமலே உள்ளே போய்விட்டான்.

நூறாம் நாள் வந்தது. மத்தியானத்திலேயே பந்தலில் கூட்டம். மண்ணடுப்பிலிருந்து பன்றியும் சேப்பங்கிழங்கும் புகைய எடுத்தார்கள். பாட்டை நேராக ஒலிபரப்ப லவேனியா மைக்கோடு வந்திருந்தாள். நாடு முழுக்கக் கேட்கும். மெசாகே பாடப்போகிறான் என்று காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லியிருந்தாள். ஒதுக்கி வைத்ததை எல்லாம் பெரியவர்கள் வரிசையாக விடுவித்தார்கள். இனி யாரும் எதையும் பாடலாம்.

மூன்று பாய் விரித்திருந்தது. மெசாகே போய் முதல் குரலின் பாயில் உட்கார்ந்தான். அவனுடைய பழைய பாய் பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

"அதுல யாரு உக்காருவா?" என்றார் சாகியுசா.

"யாரும் வேணாம். என் குரல் மட்டும் போதும். இன்னிக்காவது ஜனங்க என்னைக் கேக்கட்டும்."

கித்தாரை மீட்டினான். மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

பாட்டு வந்தது. கணீரென்று, நெஞ்சிலிருந்து வந்தது.

அது அபெனிசாவின் குரல்.

அவன் வாய்தான் அசைந்தது. அவன் தொண்டைதான் அதிர்ந்தது. நிறுத்தப் பார்த்தான்; நாக்கு அவன் பேச்சைக் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தி வீரிட்டு அழுதாள். பிறகு எல்லோரும் அழுதார்கள். சாகியுசா மட்டும் அழவில்லை. அவர் காலிப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாயிலிருந்து இரண்டாம் குரல் வந்தது. கொஞ்சம் மூக்கில்.

மெசாகேயின் குரல்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. கெலேரா எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இத்தனை வருடம் அண்ணன் என்று அழைத்தவன் முன்னால் மண்டியிட்டாள். ஈரம் சொட்டும் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

"மழைக்கு முன்னாடி வந்துட்டேன்ல?" என்றது அவன் வாய். அபெனிசாவின் அதே கேலிச் சிரிப்போடு சொன்னது.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

கால்கள் எழுந்தன. அவள் கை அவன் கையைப் பிடித்தது. பந்தல் ஓரத்தில் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லித்தியா நின்றாள். பிள்ளை அப்பா முகத்தைப் பார்த்தது, பயந்து அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மெசாகே இருந்த பலத்தை எல்லாம் திரட்டிக் கத்தினான். லித்தியா! நான் இங்க இருக்கேன்! லித்தியா!

கத்தல் காலிப் பாயிலிருந்து வந்தது. நன்றாகவே கேட்டது, மைக்கில்கூட விழுந்தது.

ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.