நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு

இரண்டு ஈடாள்களும் எதிரெதிரே நின்று நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. திருப்பூர் கைமாற்றுக் களத்தில், வெயிலில், ஏழாம் எண் வட்டத்துக்குள், ஒன்றன் நெஞ்சை இன்னொன்று உற்றுப் பார்த்தபடி அவை அசையாமல் நின்றன. "முதலில் நீங்கள் திறந்து காட்டுங்கள்" என்று ஒன்று சொன்னது. "இல்லை, முதலில் நீங்கள்" என்றது மற்றது. இதையே இருநூறாவது முறையாகச் சொல்லும்போதும் குரலில் மரியாதை குறையவில்லை.

சாலைக்கு இந்தப் பக்கம் ரித்தீஷின் டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த முனைவர் யுகேந்திரனுக்குப் பெருமையாக இருந்தது. அந்த மரியாதையை எழுதியதே அவர்தான். ஈடாள்களுக்கான 'பத்து விதிகள்' அவர் மூளையில் உதித்தவை. முனைவர் பட்டம் எங்கிருந்து உதித்தது என்பதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மின்காசை நேரில் ரொக்கமாக மாற்றப் போனவர்கள் அடிபட்டும் பறிகொடுத்தும் திரும்பிய காலம் ஒன்று உண்டு. மின்காசை வாங்கிக்கொண்டு வெற்றுத்தாள் கட்டைக் கொடுப்பான் ஒருவன். ரொக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு பைக்கில் பறப்பான் இன்னொருவன். அப்போது வந்தது ஈடாள். உங்களுக்குப் பதிலாகப் போய் நிற்கும் ஆளுயரப் பொறி. அதன் நெஞ்சில் ஐயமானி என்ற கருவி. எதிரில் இருப்பவரின் பையை ஊடுருவிப் பார்க்கும். ஆளே வந்து நின்றால் குரல் நடுக்கத்தையும் வியர்வையையும் அளக்கும். பொய் என்று பட்டால் சிவப்பு விளக்கெரிய உரக்க அறிவிக்கும். 'படைத்தவனையும் விடாது' என்பது யுகேந்திரனே எழுதிக் கொடுத்த விளம்பர வாசகம்.

விதிகளில் நான்காவதுதான் அவருக்குப் பிடித்தது. உண்மையான பொருளை ஈடாளிடம் கொடுக்காதே. அதன் பையில் போலியை வை; அசல் உன் மடியில், நூறடிக்குள் இருக்கட்டும். எதிராளி அசலைக் காட்டிய பிறகு நீ எழுந்து போ. ஊரில் இந்த விதியைப் படிக்காதவர்களோடு மட்டுமே இனி வியாபாரம் செய்ய முடியும் என்பதையும், ஊரில் படிக்காதவர் ஒருவர்கூட இல்லை என்பதையும் அவர் சேர்த்து யோசித்ததில்லை.

இன்று அவருக்கு எட்டு லட்சம் ரொக்கம் வேண்டும், அதுவும் நாலு மணிக்குள். மாலை ஆறு மணிக்கு அவருக்குப் பாராட்டு விழா. 'பாதுகாப்புப் பேரொளி' என்ற பட்டம் தருகிறார்கள். தருகிறவர்கள் யார் என்றால், அவர் தொடங்கிய சங்கம். செலவு யாருடையது என்றால், அதைத்தான் இப்போது மாற்ற வந்திருக்கிறார். மண்டபத்துக்காரர் மின்காசு வாங்கமாட்டார். "நாலு மணிக்கு ரொக்கம் வரலீன்னா காதுகுத்துக்கு விட்டுருவனுங்க" என்று காலையில் கறாராகச் சொல்லிவிட்டார். பதினெட்டு இடங்களில் பேனர் கட்டியாகிவிட்டது. பேரொளி இல்லாமல் பேனர் மட்டும் தொங்கினால் ஊர் சிரிக்கும்.

இரண்டாம் விதிப்படி அவர் மாறுவேடத்தில் இருந்தார். ஒட்டுத்தாடி, கறுப்புக் கண்ணாடி, குல்லா. மூன்றாம் விதிப்படி புனைபெயர்: வெள்ளைப்புறா. எதிராளியின் புனைபெயர் சத்தியவாக்கு. அப்படிப் பெயர் வைத்துக்கொள்கிறவன் திருடனாகத்தான் இருப்பான் என்று காலையிலேயே அவருக்குத் தோன்றியது.

"இங்க உக்காருங்க்கா" என்று ரித்தீஷ் ஓர் அம்மாவை அழைத்து வந்து அவர் மேஜையில் உட்கார வைத்தார். மற்ற மேஜைகளில் இடம் இருந்தது. யுகேந்திரன் தன் கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டார். அந்த அம்மாவும் மடியில் இருந்த துணிப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். சேலை முந்தானையில் பனியன் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

இருவர் காதொலிப்பான்களும் ஒரே நேரத்தில் கீச்சிட்டன.

"எதிராளி பையில் உள்ளது போலி" என்றது அவருடைய ஈடாள்.

"அடக் கெரகமே" என்றார் அந்த அம்மா, தன் காதில் கேட்டதற்கு. பிறகு இவரைப் பார்த்து, "உங்குளுக்கும் கைமாத்துங்களா?"

"ஆமாங்க. அதாகப்பட்டது, எதிராளி சரியில்லை."

"எனக்கும் ஒரு களவாணிப்பய வந்து மாட்டீருக்கறானுங்க. மின்காசே இல்லாத வெறும் பையைத் தூக்கிட்டு வந்து நிக்கறான்."

"காலம் கெட்டுவிட்டதுங்க."

"நம்மளாட்ட நாலு பேர் இருக்கறதுனாலதான் மழை பெய்யுது. இந்த வடையை எடுத்துக்கங்க."

அவர் பெயர் ஹர்ஷினி. அனுப்பர்பாளையத்தில் நாலு தையல் இயந்திரங்களும் ஓர் எம்ப்ராய்டரி இயந்திரமும் வைத்திருந்தார். எம்ப்ராய்டரி இயந்திரத்தின் ஊசித்தலை உடைந்து மூன்று நாளாக வேலை நின்றுவிட்டது. வெளிநாட்டு உதிரிபாகக்காரன் மின்காசு மட்டுமே வாங்குவான். இன்று அனுப்பாவிட்டால் ஆறாயிரம் பனியன் ஆர்டர் கைவிட்டுப் போகும். இதையெல்லாம் அவர் ஒரு வடை தின்னும் நேரத்தில் சொல்லி முடித்தார்.

"முறையாகக் கற்றுக்கொண்டு வந்தீர்களா?" யுகேந்திரன் தாடியைத் தடவியபடி கேட்டார். "யுகேந்திரன் என்று ஒரு மேதை வகுப்பு நடத்துகிறாராமே."

"அந்தாளுதானுங்களே. பதினாலு மணி நேரப் பாடம், ஐயாயிரம் ரூவா. பாடம் கேட்டுக்கிட்டே தச்சா ஊசி கையில ஏறுது, அப்படித் தூக்கம் வருது."

யுகேந்திரன் வடையைக் கீழே வைத்தார்.

"சாயங்காலம் பாராட்டு விழாவாம். போகலீன்னா சான்றிதழ் தரமாட்டாங்களாம். தலைவிதி, போய்த்தான் ஆகோணும்."

மணி இரண்டரை. களத்தில் ஈடாள்கள் இன்னமும் ஒன்றுக்கொன்று மரியாதை செய்துகொண்டிருந்தன. யுகேந்திரனின் தாடிக்குள் அரித்தது.

ரித்தீஷ் இரண்டாவது டீயை வைத்துவிட்டு மேஜை ஓரத்தில் கையை ஊன்றி நின்றார். "நான் ஒண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. சாருக்கு ரொக்கம் வேணும். அக்காகிட்ட ரொக்கம் இருக்குது. அக்காளுக்கு மின்காசு வேணும். எனக்கென்னமோ ரெண்டு பொம்மையையும் வெயில்ல காய விடறது பாவமாத் தெரியுதுங்க."

"விதிகளுக்கு விரோதம்" என்றார் யுகேந்திரன்.

"எந்த விதிங்க? கூட்டமான கடை. நான் சாட்சி. அக்கா எண்ணிக் குடுக்கட்டும், நீங்க ஒவ்வொரு நோட்டா விளக்குல பாருங்க. மொதல்ல நூறு ரூவாய்க்கு அனுப்பிப் பாருங்க, அது போய்ச் சேர்ந்தா மிச்சத்தை அனுப்புங்க. ஆறு உறுதி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் எந்திரிக்கக் கூடாது, பணத்தையும் மேஜைய விட்டு எடுக்கக் கூடாது. யாரும் யாரு வண்டிலயும் ஏறக் கூடாது. அவ்வளவுதானுங்களே?"

பதினாலு மணி நேரப் பாடத்தை ஒரு மூச்சில் முடித்துவிட்டார். யுகேந்திரனுக்குக் கோபம் வந்தது, மணியைப் பார்த்தார், கோபம் போய்விட்டது.

ஹர்ஷினி துணிப்பையைத் திறந்தார். நோட்டுகளை மேஜை மேலேயே எண்ணினார். யுகேந்திரன் பத்துக்கு ஒன்றைத் தூக்கி விளக்கில் பார்த்தார். பிறகு கூச்சத்தை விட்டு, எல்லாவற்றையும் பார்த்தார். ஹர்ஷினி அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. "பாருங்க, பாருங்க, நான்னாலும் பார்ப்பேன்" என்றார். நூறு ரூபாய் போய்ச் சேர்ந்தது. மிச்சம் போயிற்று. உலகமெங்கும் உள்ள கணினிகள் அந்தப் பரிமாற்றத்தை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள, ஒன்று, இரண்டு என்று உறுதிகள் வந்தன. அவை வந்த இருபது நிமிடங்களில் ஹர்ஷினி தன் மருமகளைப் பற்றிச் சொன்னார். யுகேந்திரன் தன் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் இப்படி ஒருவரிடம் அவர் பேசியதில்லை. ஆறாவது உறுதியும் வந்தது.

"இனி அந்தக் களவாணியை முடிச்சு உடறேன்" என்று ஹர்ஷினி கைபேசியில் ரத்துப் பொத்தானை அழுத்தினார். யுகேந்திரனும் அழுத்தினார்.

சாலைக்கு அப்பால் ஏழாம் வட்டத்தில் இரண்டு ஈடாள்களின் நெஞ்சிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று கும்பிட்டுவிட்டுத் திரும்பின. இரண்டு கைபேசிகளும் மேஜை மேல் ஒளிர்ந்தன.

'மோசடி தடுக்கப்பட்டது. எண் 41,213. எதிராளி சத்தியவாக்கு கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்.'

'மோசடி தடுக்கப்பட்டது. எண் 41,214. எதிராளி வெள்ளைப்புறா கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்.'

ஹர்ஷினி இரண்டையும் படித்தார். மெல்ல நிமிர்ந்தார். "ஏனுங்க, வெள்ளைப்புறா நீங்கதானுங்களா?"

யுகேந்திரன் கடையைச் சுற்றிப் பார்த்தார். எல்லா மேஜைகளிலும் இரண்டிரண்டு பேர். ஒருவர் மடியில் பை, இன்னொருவர் கையில் கைபேசி. அத்தனை பேர் காதிலும் ஒலிப்பான். ரித்தீஷ் ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"காது ஒரே நேரத்துல கீச்சுன்னா ஒரே ஜோடின்னு அர்த்தமுங்க" என்று அங்கிருந்தே சொன்னார் ரித்தீஷ். "நாலு வருசமா இப்படித்தான் உக்கார வெக்கறேன். பொம்மைங்க வந்தப்புறம் டீ நல்லாப் போகுது."

நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. நேற்று வரை அந்த எண்ணைத்தான் எல்லா மேடைகளிலும் அவர் கையை உயர்த்திச் சொல்லியிருந்தார். அதை இரண்டால் வகுத்துப் பார்க்க மனம் தொடங்கியதும் பணத்தை வாரிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"புறாவா? அது யாருங்க? எனக்கு நேரமாச்சு" என்று படியிறங்கினார்.

மண்டபம் காதுகுத்துக்குப் போகவில்லை. ஆறு மணிக்குப் பேரொளி மேடையேறினார். தாடி இல்லை, பொன்னாடை இருந்தது. பக்கத்தில் அவருடைய ஈடாளுக்கும் ஒரு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். பின்னால் பெரிய திரையில் 41,236 என்று ஒளிர்ந்தது.

"அதாகப்பட்டது," என்று தொடங்கினார், "இன்று மட்டும் இருபத்து நான்கு மோசடிகளை முறியடித்திருக்கிறோம்."

கைதட்டல் அடங்கியதும் மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஒலிவாங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முந்தானையில் நூல் பிசிறு.

"ஐயா, நான் உங்க மாணவிங்க. இன்னைக்கு ஈடாளை விட்டுப்போட்டு, டீக்கடையில முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட நேருலயே எட்டு லட்சம் மாத்தீட்டனுங்க. அது தப்புங்களா?"

யுகேந்திரன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவர் பொன்னாடையைச் சரிசெய்தார்.

"பெருந்தவறு அம்மா. எதிரில் இருந்தவர் உத்தமராக அமைந்ததால் நீங்கள் தப்பினீர்கள்."

"உத்தமர்தானுங்க, அதுல சந்தேகமே இல்ல" என்றார் ஹர்ஷினி. "டீக்கும் வடைக்கும் மட்டும் காசு குடுக்காம எந்திரிச்சுப் போயிட்டாருங்க. நாந்தான் குடுத்தேன். அவரை உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது" என்றார் யுகேந்திரன்.

பக்கத்தில் மாலையோடு நின்ற ஈடாள் மெல்ல அவர் பக்கம் திரும்பியது. அவர் நெற்றி வியர்வையைப் பார்த்தது. அதன் நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எதிராளி பொய் சொல்கிறார். தயவுசெய்து விலகி நிற்கவும்" என்றது, மரியாதை குறையாமல்.

திரையில் எண் 41,237 ஆனது. விளம்பரத்தில் சொன்னதைச் செய்தே காட்டிவிட்டார் என்று நினைத்து மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.