புறங்கை

கருணை என்னும் தூண்தான் இந்த உலகத்தைத் தாங்கி நிற்கிறது என்று கைப்பேசியைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தார் செம்மல். அவர் வீட்டுக் கூடத்தின் தூணைக் கிழவன் அன்று காலையிலேயே நனைத்துவிட்டிருந்தது. வாசனைத் தண்ணீரை எவ்வளவு அடித்தும் வாடை போகவில்லை. கைப்பேசிக்கு மூக்கு இல்லாதது ஒரு வசதி.

'அன்புச் செம்மல்' பட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு சபை கொடுத்தது என்பார். சபைக்குத் தலைவர் அவர்தான். மனித மனங்களைத் திறப்பது எப்படி என்று கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பேசுவது தொழில். கிழவன், அவர் காப்பகத்திலிருந்து தத்தெடுத்த நாய். கண் தெரியாது, காது கேட்காது. நடந்தால் பின்னங்கால்கள் இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி போல ஆளுக்கொரு பக்கம் போகும். குட்டி நாயைத் தத்தெடுத்தால் நாலு பேர் பாராட்டுவார்கள், இப்படி ஒன்றை எடுத்தால் நாடே பாராட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் எடுத்திருந்தார்.

பேச்சு உருக்கமான கட்டத்துக்கு வந்தபோது கிழவன் பாயை விட்டு எழுந்தது. யாரும் அழைக்கவில்லை. யார் அழைத்தாலும் அதற்குக் கேட்காது. ஆனால் யாரோ அழைத்தது போலத் தலையைத் தூக்கி, வாலை ஆட்டி, செம்மலைத் தாண்டிக்கொண்டு, சமையலறைக்குப் போகும் நடைவழியின் இருட்டுக்குள் தள்ளாடிப் போயிற்று. அங்கே நின்று காற்றை முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டி எதையோ நக்கியது.

செம்மலுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமை.

ஏனென்றால் அந்த நக்குக்காகத்தான் அவர் ஒரு வாரமாகத் தவம் கிடந்தார். தத்துக் கொடுத்த அன்றே காப்பகத்து அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தாள்:

"தரையில ரெண்டு தட்டுத் தட்டுங்க சார். அதிர்வு தெரிஞ்சு எழுந்து வரும். புறங்கைய மூக்குக்கிட்ட நீட்டிட்டுச் சும்மா இருங்க. மோந்து பாக்கும். நக்குச்சுன்னா உங்கள ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். அப்புறம்தான் தொடணும்."

"நான் தொட்டா எந்த ஜீவனும் உருகிடும்மா."

"உருகாது சார். கடிக்கும்."

முதல் நாளே புகைப்படக்காரர் அவசரப்படுத்தியதால் தட்டாமல், நீட்டாமல், பின்னாலிருந்து அள்ளித் தூக்கிவிட்டார். அடுத்த நாள்களில் தட்டினார்தான். தட்டியதும் நம்பி வந்த கிழவனைக் கழுத்துப்பட்டையில் பிடித்து இழுத்துப் பின்பக்கக் குளியலறையில் போட்டுத் தாழிட்டார். படம் பிடிக்காத நேரத்தில் அதன் இடம் அதுதான். இப்போது அவர் கையை நீட்டினால் கிழவன் முகர்கிறது. முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

மறுநாள் காலை தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் போனில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டான். "தட்டுறீங்க, வருது, நக்குது. அவ்ளோதான் சார் மேட்டர். நக்கலேன்னா சொல்லிடுங்க, ஒத்தைக் கால் கிளி வெச்சுக்கிட்டு ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு."

கிளிக்காரரிடம் தோற்பதா?

படப்பிடிப்பை நிறுத்திவிட்டுக் கிழவனை இழுத்துப் போய்க் குளியலறையில் தள்ளித் தாழிட்டார். வெளியே மேகம் திரண்டு, சாயங்காலம் அதற்குள் கறுத்துவிட்டிருந்தது. அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த மனைவி கூப்பிட்டாள்.

"நாய்க்குச் சாப்பாடு வெச்சீங்களா?"

"இப்பத்தான் வெச்சேன்."

"வெச்ச ஆளு குரலா இது? வாயில்லா ஜீவன்ங்க அது. உங்களுக்குத்தான் வேண்டாத வாய் இருக்கு."

சொன்ன கையோடு போனை வைத்துவிட்டாள். அப்போதுதான் உள்ளங்கால் வழியாக அது வந்தது. சத்தம் இல்லை. செருப்பில்லாத பாதத்துக்கு மட்டும் தெரிகிற, தரையின் அடியிலிருந்து மேலே ஏறுகிற ஒரு மெல்லிய அதிர்வு. இளைத்துப்போன மாட்டின் விலாவில் யாரோ தட்டிக்கொடுப்பது போல, அவசரமில்லாமல், அன்பாக. ஒன்று. பிறகு இன்னொன்று.

அவர் திரும்பினார். கிழவன் நடைவழியில் நின்றுகொண்டிருந்தது. குளியலறைக் கதவு விரியத் திறந்திருந்தது. அதன் தாழ் வெளிப்பக்கம்தான்.

காப்பகத்து அம்மாவைக் கூப்பிட்டார். தன் குரல் மேடைக்குரலாகவே இருக்கவேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க குடுத்தது கோளாறான நாய்மா. தானா எழுந்து எங்கயோ போகுது."

"தானா போகாது சார். யாராவது தட்டியிருப்பாங்க."

"வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. "போகும்போது வாலாட்டுதா சார்?"

"ஆட்டுது."

"உங்ககிட்ட வரும்போது ஆட்டுமா?"

அவர் மறுபடி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப விட்ருங்க சார். அது போற எடத்துக்குக் குறுக்க மட்டும் போ—" என்றபோது கைப்பேசி செத்தது. கருணையைப் பற்றி நெடுநேரம் பேசியதில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அதற்குக் காத்திருந்தது போல மின்சாரமும் போனது. சமையலறைத் தகரக் கூரையின் மேல் மழை இறங்கியது, தூறலாக ஆரம்பித்து வலுக்காமல், வந்தபோதே முழுப் பாரத்தோடு, யாரோ லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுவது போல, வீட்டுக்குள் இருந்த மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடிக்கொண்டு. நனைந்த நாயின் வாடை கூடத்தில் பரவியது. நாய் நனையவே இல்லை.

மின்னல் வெட்டியது. நடைவழி ஒரு கணம் வெள்ளையானது.

கிழவன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து நின்றது. அதன் நெற்றி முடி அமுங்கியது. அந்த அழுத்தம் நெற்றியிலிருந்து காதுக்கும், காதிலிருந்து கழுத்துக்கும் மெதுவாக நகர்ந்தது. காது மடல் மடங்கி, மறுபடி நிமிர்ந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

மறுபடி இருட்டு.

ஓடியிருக்கலாம். வாசல் பின்னால்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் அவர் கைக்குக் கிடைக்காத ஒன்று, அவர் வீட்டில், அவர் நடைவழியில், வேறு ஒரு கைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. நாளைக்குக் கேமரா வருகிறது.

"அது என் நாய்!" என்று கத்தினார். இருட்டில் பாய்ந்து கிழவனின் பிடரியைப் பற்றிக் கூடத்துக்கு இழுத்தார்.

தட்டவில்லை. நீட்டவில்லை.

கிழவன் கடித்தது. மிச்சமிருந்த பற்கள் எல்லாம் மணிக்கட்டில் இறங்கின. அவர் உதறினார். ஆத்திரத்தில் காலாலும் ஓர் உதை விட்டார். எலும்பும் தோலுமான ஏதோ ஒன்று சுவரில் மோதியது காலில் தெரிந்தது. ஊளையிட்டிருக்கும். மழையில் கேட்கவில்லை. எப்படியோ ஈரமாகியிருந்த தரையில் மறுகால் வழுக்கியது. இடுப்பு முதலில் விழுந்தது. பிறகு அவர்.

எழுந்திருக்கப் பார்த்தார். பின்னால் இருந்த கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் போயின.

கண்ணைத் திறந்தார். இருட்டு. மூடினார். அதே இருட்டு. யாராவது வாங்க என்று கத்தினார். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. மழை. மழை மட்டும்.

கை தரையில் ஊன்றியிருந்தது. உள்ளங்கையில் தெரிந்தது.

தட்டு. தட்டு.

நடைவழிக் கோடியிலிருந்து.

மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாயைத்தான் கூப்பிடுகிறது. நாயைத்தான். கிழவா, போ. போய்த் தொலை.

தட்டு. தட்டு.

கூடத்துக்குள்.

அவருக்கு நேர் எதிரே, எட்டும் தூரத்தில், கிழவன் சுவரோரமாய் அசைந்தது. அதன் ரோமம் அவர் முழங்காலை உரசிக்கொண்டு விலகிப் போனது. யாருக்கோ வழிவிட்டது போல.

தட்டு. தட்டு.

முழங்கால் பக்கத்தில்.

தொடவில்லை. அவர் தோள் குறுகியது, கழுத்து உள்ளே போனது, எங்கே வந்து படப்போகிறது என்று உடம்பு முழுக்கத் தோல் காத்திருந்தது. எதுவும் படவில்லை. மூக்குக்குக் கீழே மட்டும் காற்று குளிர்ந்தது. ஏதோ ஒன்று அங்கே வந்து நின்றிருந்தது. பழைய சாக்கு வாடை. கிணற்றுச் சேறு. நாய் எச்சில். தோல் அவர் மேலுதட்டை லேசாகத் தொட்டும் தொடாமலும் இருந்தது. விரல் முட்டிகள் உதட்டுக்குத் தெரிந்தன. இருக்கவேண்டியதைவிட அதிகமாகவே இருந்தன.

அது அவசரப்படவில்லை. பொறுமையைப் பற்றி எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறார். இப்படி ஒரு பொறுமையை அவர் கண்டதில்லை.

முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று நினைத்தார். திருப்பிக்கொண்ட கிழவனைத் தாம் என்ன செய்தோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

செம்மல் முகர்ந்து பார்த்தார்.

பிறகு நக்கினார்.