நெஞ்சு துள்ளாத இடம்

தென்னை நார் மில்லுக்குச் சாலை பிரியும் நார் மில் பிரிவில், தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று திருமூர்த்தியின் வலது முழங்காலை ஒரு சாண் இடைவெளியில் கடந்துபோனது. அவர் பைக்கை ஒடித்துத் திருப்பி, மண்ணில் இறங்கி, மறுபடி தார்ச்சாலையில் ஏறினார். எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஒன்று மட்டும் நடக்கவில்லை. அவருடைய நெஞ்சு துள்ளவில்லை.

ஹெல்மெட் வாரில் பதித்திருந்த திடுக்கறி என்ற சின்னக் கருவி அவருடைய கழுத்து நாடியைத் தொட்டபடியே இருந்தது. இதுபோன்ற நேரத்தில் அது ஒருமுறை அதிர்ந்து, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். இப்போது சும்மா கிடந்தது.

அவர் இருநூறு அடி தள்ளியிருந்த மயில்சாமியின் பேக்கரியில் வண்டியை நிறுத்தினார். மயில்சாமி கேட்காமலேயே அரை டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை தன் சுற்றில் பிரிவைத் தாண்டி வரும்போதெல்லாம் திருமூர்த்தியின் கை நடுங்கும். முழு டம்ளர் என்றால் பாதி சட்டையில்தான். அதற்காக வந்த ஏற்பாடு அது.

இன்று டம்ளரில் ஒரு சொட்டுகூட அலையவில்லை.

"ஏனுங்ணா, கை நடுங்கக் காணோம்?" என்றார் மயில்சாமி. "இன்னிக்கு லாரிக்காரன் லீவுங்களா?"

"வந்தான். முட்டிய ஒட்டிப் போனான்."

"அப்ப நீங்களும் எங்காளா ஆயிட்டீங்க. நாங்கெல்லாம் அந்த லாரியப் பாத்தா கொட்டாவி விடறவங்க."

திருமூர்த்தி சிரிக்கவில்லை. டீ ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடுக்கறி வருவதற்கு முன்னால், ஒரு சாலை ஆபத்தானது என்று அரசுக்குத் தெரிய அங்கே யாராவது சாக வேண்டியிருந்தது. மயிரிழையில் தப்பியவர்கள் டீக்கடையில் நின்று கதை சொல்லிவிட்டு மறந்துபோனார்கள். செத்தவர்களைவிடத் தப்பியவர்கள் ஆயிரம் மடங்கு அதிகம். ஆனால் அவர்களுடைய சாட்சியை யாரும் எழுதி வைக்கவில்லை. திடுக்கறி அதை எழுதியது. பைக் ஓட்டுகிற ஒவ்வொருவரின் நெஞ்சும் எங்கே துள்ளுகிறது என்று பார்த்து, வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்பாக்கியது. சிவப்பான இடத்துக்குள் நுழையும் எந்த வண்டியும், அதன் எஞ்சினிலேயே இருக்கும் வேகப்பூட்டால், முப்பதுக்கு மேல் போக முடியாது. நாற்பது நாள் யாருடைய நெஞ்சும் துள்ளவில்லையென்றால் அந்த இடம் பச்சையாகிவிடும். பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். ஐந்தே வருடத்தில் சாலைச் சாவுகள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன.

பிறகுதான் சிக்கல் தெரிந்தது. மனித நெஞ்சு எதற்கும் பழகிவிடும். தினமும் செத்துப் பிழைக்கிற இடத்தில் பத்தாவது நாள் துள்ளல் குறையும். நூறாவது நாள் இருக்காது. அதனால் எளிதில் பதறுகிறவர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்தார்கள். பதறிகள் என்று பெயர். ஊர் ஊராகப் போய் வண்டி ஓட்டிப் பயப்படுவதுதான் வேலை. மூன்று வருடத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பயம் தேய்ந்துபோகும். வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். திருமூர்த்தி பதினொரு வருடமாகத் தேயாமல் இருந்தார். சின்ன வயதில் பட்டாசுக்குக் காதைப் பொத்தியதற்காகக் கேலி செய்யப்பட்டவர், தன் பயத்தைக் கருவிபோலப் பேணி வந்தார்.

பேக்கரியிலிருந்து நேராகக் கோட்ட அலுவலகத்துக்குப் போனார்.

வரைபடப் பிரிவின் அதிகாரி ரெஜினா திரையைத் திருப்பிக் காட்டினார். "நார் மில் பிரிவு. இன்னையோட முப்பத்தெட்டு நாள். நாளை மறுநாள் பூட்டு திறந்துரும்."

"மேடம், அங்க ஆபத்து அப்படியேதான் இருக்கு. மில் சுவர் மறைக்குது. லாரி வெளிய மூக்கை நீட்டற வரைக்கும் தெரியாது. இன்னைக்கு ஒரு சாண்தான் இருந்துச்சு. முப்பதுல போனதால ஒரு சாண். எழுபதுல போயிருந்தா?"

"உங்க நெஞ்சு அப்படிச் சொல்லலியே சார்."

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா எழுத முடியாது. கையால குறிக்கலாம்னு முன்னாடி விதி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஆளாளுக்கு அவங்கவங்க கல்யாண மண்டபத்துக்கு முன்னாடி பூட்டச் சொன்னாங்க, பெட்ரோல் பங்குக்கு முன்னாடி திறக்கச் சொன்னாங்க. அதான் வாய்ப்பேச்சு வேண்டாம், நெஞ்சு பேசட்டும்னு ஆயிருச்சு."

"வேற பதறி யாரையாவது அனுப்புங்க."

"இந்தக் கோட்டத்துக்கு நீங்க ஒருத்தர்தான். அடுத்த ஆள் வர ஒரு மாசம் ஆகும்." ரெஜினா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்த ரோட்ல வெளியூர்க்காரங்க யாரும் வர்றதில்ல. உள்ளூர்க்காரங்க எல்லாருக்கும் மரத்துப்போச்சு. இப்ப உங்களுக்கும்."

திருமூர்த்தி தலையாட்டினார். அந்த உள்ளூர்க்காரர்களில் ஒருத்தி அவருடைய மனைவி என்பதை அவர் சொல்லவில்லை.

அன்று மதியம் மட்டும் பிரிவை மூன்று முறை கடந்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார். பூட்டு வருவதற்கு முன்னால் அங்கே இறந்த ஆறு பேரின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். திடுக்கறிக்குத் துக்கமும் தெரியும், மூச்சிரைப்பும் தெரியும். திடுக்கீடு எது என்பதும் தெரியும். அது ஏமாறவில்லை.

அவர் மனைவி கோகிலா கிராம சுகாதாரச் செவிலி. காலை ஏழு மணிக்கு மருந்துப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அந்தப் பிரிவு வழியாகத்தான் போவாள். அன்று மாலை அவள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் அது தன் வழக்கமான குரலில் சொன்னது: "இன்று ஒரு திடுக்கும் இல்லை. நல்ல பயணம்." நான்கு வருடமாக அது வேறு எதையும் சொன்னதில்லை.

"கேட்டீங்களா?" என்றாள் கோகிலா. "ஒரே வீட்ல ஒரு பயந்தாங்கொள்ளி, ஒரு தைரியசாலி. பொருத்தம் பாத்த ஜோசியருக்குக் கண்ணாடி வாங்கித் தரோணும்."

"கோகிலா, ரெண்டு நாளைக்கப்புறம் வாய்க்கா ரோட்டுல போ."

"எட்டு கிலோமீட்டர் சுத்து. ஏனுங்க, என்னாச்சு?"

அவர் சொன்னார். பாதியிலேயே அவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். "நாஞ் சமாளிச்சுக்குவேன். அந்த லாரி டிரைவர் ஒவ்வொருத்தனும் எனக்குத் தெரியும். அவன் குழந்தைக்கு ஊசி போட்டது நானு."

வெங்காயம் முழுவதும் உரித்து, அவள் நறுக்கத் தொடங்கினாள். பிறகு, "நாளைக்குக் காலைல நான் உன் பின்னாடி உக்காந்து வரட்டுமா?" என்று கேட்டார்.

கோகிலாவின் கத்தி நின்றது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். இருவரும் சேர்ந்து போகும்போதெல்லாம் அவர்தான் ஓட்டுவார், அவள்தான் பின்னால் உட்காருவாள். காய்ச்சலில்கூட அவரே ஓட்டியிருக்கிறார். அந்த ஊரில் ஆம்பிளை பின்னால் உட்கார்ந்து போனால், ஒன்று கால் ஒடிந்திருக்க வேண்டும், இல்லை போதையில் இருக்க வேண்டும்.

"மயில்சாமியண்ணன் ஒரு வருசத்துக்குச் சொல்லிச் சிரிப்பாரு," என்றாள்.

"சிரிக்கட்டும்."

காலையில் பின்னால் உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தொடையில் வைத்தார். பின்கம்பியைப் பிடித்தார். கோகிலா திரும்பாமலேயே அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

மில் சுவர் வந்தது. அவர் நூறு தடவை பார்த்த சுவர். ஆனால் இப்போது அதற்கும் அவருக்கும் நடுவே அவளுடைய ஹெல்மெட் இருந்தது, அதற்குக் கீழே பின்கழுத்தில் வியர்வையில் ஒட்டிய நாலு முடி இருந்தது. பிரேக் அவர் கையில் இல்லை. லாரியின் மூக்கு சுவரைத் தாண்டி நீண்டது. எதிரே பஸ். கோகிலா இரண்டுக்கும் நடுவில், அவர் வழக்கமாகச் செய்வதைப் போலவே, மிகச் சரியாக நுழைந்தாள்.

திடுக்கறி அவர் கழுத்தில் அதிர்ந்தது. பஸ்ஸைக் கடந்தபின் மறுபடி. பேக்கரி வாசலில் இறங்கும்வரை பதினொரு முறை.

"அரை டம்ளர்தானுங்களா?" என்றார் மயில்சாமி, சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு.

"கால் டம்ளர் குடு."

பிரிவு சிவப்பாகவே இருந்தது. பூட்டு திறக்கவில்லை. ரெஜினா அந்தப் பதிவைப் பலமுறை போட்டுப் பார்த்தார். தனக்காகத் துள்ளாத நெஞ்சு முன்னால் இருப்பவருக்காகத் துள்ளுகிறது. மூன்று மாதத்தில் பின்னிருக்கை ஆணை வந்தது: தேய்ந்த பதறிகள் வேலையை விட வேண்டியதில்லை, தமக்கு வேண்டியவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்தால் போதும். அம்மாக்கள் மகன்களின் பின்னாலும், மாமனார்கள் மருமகள்களின் பின்னாலும் ஏறினார்கள். பழைய சிவப்பெல்லாம் வரைபடத்தில் திரும்பி வந்தது.

திருமூர்த்தி தினமும் காலை கோகிலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். அவளுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதைக் கவனிப்பதை விட்டுவிட்டாள். சுவர் வரும்போது அவர் விரல்கள் இறுகும், அவள் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பாள். அவர் விரல்கள் தளரும், அவள் முறுக்குவாள். அவர் விரல் பார்த்துக்கொள்ளும்போது தன் கண் ஏன் வலிக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, சுவர்ப்பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். மாலையில் ஹெல்மெட் சொல்லும்: "இன்று ஒரு திடுக்கும் இல்லை."

பதினெட்டு மாதம் போனது. பின்னிருக்கையும் பழகிப்போனது. அவர் கை அவள் தோளில் இருந்தது, ஆனால் இறுகவில்லை. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே பிரிவைக் கடந்தார். வரைபடத்தில் மறுபடியும் நாள் ஏறியது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. ரெஜினா கூப்பிட்டு எச்சரித்தார்.

முப்பத்தொன்பதாம் நாள் மில்லுக்கு விடுமுறை. லாரி இல்லை. பஸ் போய்விட்டது. சாலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறுமையாகக் கிடந்தது. திருமூர்த்தி மூக்கைச் சொறிவதற்காகக் கையைத் தோளிலிருந்து எடுத்தார்.

ஸ்கூட்டர் குலுங்கி நின்றது.

அதிர்ந்தது அவருடைய திடுக்கறி அல்ல. கோகிலா இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஐந்தரை வருடத்தில் முதல்முறையாகத் திடுக்கிட்டு, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க கைய எடுத்தீங்க?" அவள் குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நான் பாக்கவே இல்லீங்க. இத்தன நாளும் நான் எதையுமே பாக்கவே இல்ல."

வரைபடத்தில் நாள் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பியது; பிரிவு சிவப்பாகவே நின்றது. பின்னால் வந்த இரண்டு வண்டிகள் தாமாக வேகம் குறைந்தன. அவற்றில் இருந்தவர்கள், வெறும் சாலையில் என்ன இருக்கிறது என்று கழுத்தை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பேக்கரியில் மயில்சாமி கோகிலாவுக்கு முழு டம்ளரும் திருமூர்த்திக்கு அரை டம்ளரும் எடுத்தார். கோகிலாவின் கையைப் பார்த்தார். அவளுடைய டம்ளரிலிருந்து பாதியைத் திருமூர்த்தியின் டம்ளரில் ஊற்றினார்.