மரைத்தலை சொன்ன சாட்சி

ட்ரிங்ங்ங்...!

சச்சிதானந்தன் கையிலிருந்த தோலைக் கீழே போட்டான்.

1974. மெல்பர்ன். திங்கட்கிழமை மதியம்.

செத்த மிருகங்களைப் பாடம் செய்து, உயிரோடு இருப்பதுபோல நிறுத்தும் பட்டறை. சுவரெல்லாம் கண்ணாடிக் கண்கள். பேச ஒரு வாய் இல்லை!

"ஹலோ... நான் டாக்டர் பார்த்தசாரதி. போலீஸ் பிணவறையிலேர்ந்து பேசறேன். வரதராஜாங்கிறது உங்க ரூம்மேட்டா?"

"ஓம்... சனிக்கிழமையிலயிருந்து ஆளைக் காணேல்ல."

"இந்த ஊர்ல ஓடற யாராங்கிற ஆத்துல கிடைச்சார். பின்மண்டையில அடி. சனிக்கிழமை காலையில... கொலை சார்!"

ரிசீவர் கனத்தது.

மூன்று வருடம் ஒரே அறை. இந்த ஊரில் அவனோடு தமிழ் பேசிய ஒரே ஆள். நேற்றுக்கூடச் சச்சி இரண்டு பேருக்குச் சோறு வடித்தான். தனியாகத் தின்றான்.

வரதராஜா விலங்கியல் விரிவுரையாளன். வேட்டைக்குத் தடை கேட்டவன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பாரட் என்ற பணக்கார வேட்டைக்காரன் எழுந்து கத்தினான்:

"நாங்கள் கட்டும் லைசென்ஸ் பணத்தில்தான் காட்டுக்கே காவல்!"

வரதராஜா சிரித்தான்.

"காவல்காரனுக்குச் சம்பளம் கொடுத்தால், வீட்டுக்காரனைச் சுடலாமா?"

மண்டபமே கைதட்டியது. பாரட்டின் முகம் சிவந்தது.

ஒரு மணி நேரம் கழித்து...

பட்டறைக்குள் டாக்டர். ஒரு சார்ஜன்ட். பின்னால்... பாரட்! டாக்டர் அவனைக் காட்டினார்.

"சனிக்கிழமை காலையில நூத்தியிருபது மைல் தள்ளி, மலையில கடமான் சுட்டுட்டு இருந்தேங்கிறான். அந்தத் தலை இங்கதான் இருக்காம். அதான் அவனுக்குச் சாட்சி!"

"மரை எண்டு நாங்கள் சொல்லுறது. சனி பின்னேரம் கொண்டு வந்தவர்."

பட்டறை முதலாளி சச்சியின் தோளை அழுத்தினார். ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்.

"பாரட் நம் பெரிய வாடிக்கையாளர். அவர் சுட்டதுதான் என்று சொல். இல்லாவிட்டால் விசாவுக்கு என் கடிதம் கிடையாது. மாதக் கடைசியில் மூட்டை கட்டு!"

"என்ன சொல்றான்?"

"என்னை ஊருக்கு அனுப்பப் போறாராம்."

"பயமா இருக்கா?"

"பயம்தான் டொக்டர். பதினாலு வயசில தோல் உரிக்கத் தொடங்கினனான். வேற தொழில் தெரியாது."

சச்சி மேசையில் இருந்த மரைத்தலையை இழுத்து வைத்தான். கத்தியை எடுத்தான்.

சரக்...!

கொம்படியில் இருந்த தையல் பிரிந்தது. கொம்பு கையோடு கழன்று வந்தது. அடியில்... இரும்புத் திருகாணி!

"சுட்ட மரையெண்டால் கொம்பு மண்டையோட்டோட ஒட்டியிருக்கும். இது தானா உதிர்ந்தது. காட்டில பொறுக்கின சாமான். தலை... கனநாள் ஐஸ்ல கிடந்த, கொம்பே இல்லாத பெட்டை மரையின்ர!"

"முன்னாடியே தெரியுமா?"

"தலை வந்தவுடன தெரியும். பணக்காரரின்ர சுவரில பாதி இப்பிடித்தான். பெருமைக்கு எண்டு நினைச்சன். கொலைக்கு எண்டு தெரியாது!"

டாக்டர் சார்ஜன்டிடம் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கவில்லை...

பாரட் கதவை நோக்கிப் பாய்ந்தான்!

சார்ஜன்ட் காலை நீட்டினார். அவ்வளவுதான். தொப்!

கைவிலங்கு பூட்டும் சத்தம் அடங்குமுன், முதலாளி வாசலைக் காட்டினார்.

சச்சி கத்தியைத் துடைத்து வைத்தான். வெளியே வந்தான். குளிர் முகத்தில் அறைந்தது.

டாக்டர் பின்னாலேயே வந்தார்.

"அப்போ... அந்தக் கொம்பை உதிர்த்த கடமான்?"

"உயிரோட திரியுது. இப்ப புதுக்கொம்பு முளைச்சிருக்கும்."

"இனிமே உங்களுக்கு இங்க யார் இருக்கா?"

"அந்த மரைதான் டொக்டர். அதுகும் எங்கட ஊர்தான். நூறு வருசத்துக்கு முன்னம் அதின்ர பாட்டன் இலங்கையிலயிருந்து கப்பல்ல வந்தவர்... நல்ல காலம், அந்தாளிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்ல!"