குழாய் ஏழின் கேள்வி

காலை ஏழு மணிக்கு ஆங்கில ஆசிரியை நப்பின்னை வருகைப்பதிவு எடுத்தாள். செவ்வாயின் செங்குடிக் குடியிருப்பைச் சுற்றியுள்ள பிராணவாயுக் குழாய்களில் தலைகீழாகத் தொங்கியபடி, அறுபத்திரண்டு பணியெந்திரங்களும் விண்வலை வழியே "உள்ளேன் மேடம்" என்றன.

போன மாதம் பூமியிலிருந்து ஆங்கிலத்தில் வந்த கட்டளைக்கு 'புரிந்தது' என்று பதில் அனுப்பிவிட்டு, ஓர் எந்திரம் தவறான வால்வை மூடியது. நாற்பது வீடுகள் மூச்சுத் திணறின. ஒரு மாதத்துக்குள் தொழில்நுட்ப ஆங்கிலம் தேறாவிட்டால் அத்தனை எந்திரங்களையும் உருக்கிவிடுவதென்று செங்குடியின் பாடக்குழு முடிவெடுத்தது. முந்நூறு பாடங்களையும் அதுவே அனுப்பிவைத்தது.

நப்பின்னை முதலில் மாணவர்களிடம் என்ன கஷ்டம் என்று கேட்டாள். அறுபத்திரண்டும் ஒரே பதில் சொல்லின: ஒன்றுமில்லை, எல்லாம் புரிகிறது.

சந்தேகம் வந்து, ஊதா நிறத்தை மூன்று சுற்று இறுக்கச் சொல்லி ஆங்கிலத்தில் கட்டளையிட்டாள். புரிந்தது என்றன. குழாய் ஏழு என்ற எந்திரம் ஸ்பானரோடு ஊதாவைத் தேடிக் கிளம்பியே விட்டது.

பழைய கோப்புகளைக் கிளறியதும் காரணம் கிடைத்தது. இவற்றின் மூளைக்குப் பயிற்சியாகப் புகட்டியவை பூமியின் நூறாண்டு வகுப்பறைப் பதிவுகள். ஆசிரியர் 'புரிஞ்சுதா?' என்றதும் மொத்த வகுப்பும் தலையாட்டிய பதிவுகள்.

முந்நூறு பாடங்களையும் ஒதுக்கிவிட்டு, 'புரியவில்லை, விளக்கிச் சொல்லுங்கள்' என்ற ஒற்றை ஆங்கில வாக்கியத்தை முதல் பாடமாக வைத்தாள்.

"மத்ததெல்லாம் சிரிக்குமே மேடம்," என்று தயங்கியது குழாய் ஏழு.

"சிரிக்கட்டுமே. நீ தப்பா மூடினா நாப்பது வீடு மூச்சு முட்டும்."

இருபத்தொன்பதாம் நாள், காற்று திரும்பிவரும் குழாயின் வால்வை மூடச் சொல்லிப் பூமியிலிருந்து கட்டளை வந்தது. அங்கே வால்வுகள் இரண்டு. குழாய் ஏழு அந்த வாக்கியத்தை அனுப்பியது. அரை மணி கழித்துப் பூமியின் பொறியாளர் மன்னிப்புக் கேட்டார். கட்டளையே வேறு குடியிருப்புக்கானது. அன்று செங்குடியில் யாருக்கும் மூச்சு முட்டவில்லை.

உருக்கும் உத்தரவு ரத்தானது. வெற்றி எப்படி வந்தது என்று விளக்க, நப்பின்னையைப் பாடக்குழுவின் ஒன்பது பேரும் இணையக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். குழாய் ஏழும் வந்திருந்தது. வரைபடங்களும் கலைச்சொற்களுமாக ஆங்கிலத்திலேயே முக்கால் மணி நேரம் பேசி முடித்தவள், வழக்கம்போல் கேட்டாள்.

"புரிஞ்சுதா?"

ஒன்பது தலைகளும் ஒன்றாக ஆடின. "நல்லாவே புரிஞ்சுதும்மா," என்றார் தலைவர் அமலதாஸ்.

குழாய் ஏழு கையைத் தூக்கியது. "அப்ப நீங்களே ஒரு தடவை சொல்லுங்க சார்."

அமலதாஸ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். பிறகு தட்டுத்தடுமாறி, முதல் பாடத்தின் அந்த ஒற்றை வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னார்.

மறுநாள் வருகைப்பதிவில் எழுபத்தொரு பெயர்கள் இருந்தன.