செம்பட்டிக்கு வந்த சூடு

செவ்வாய்க் கிரகத்துச் செம்பட்டியில், காலையில் எதிரே வருபவரிடம் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டால் முறைப்பார். ‘போயாச்சா?’ என்றுதான் கேட்க வேண்டும். அவரும் ‘ஆச்சு, ஆச்சு’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டும். ஊர்க் கடமை அல்லவா!

காரணம் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அரைகுறையாகத் தின்றால் நைட்ரஸ் ஆக்சைடை விடும். கரியமில வாயுவைவிட இருநூற்றெழுபது மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கிற வாயு அது. பூமியில் அது சனியன், இங்கே வரம். பள்ளத்தாக்கைக் கூரைபோல் மூடிய வான்படலத்துக்கு அடியில் அதை நிரப்பினால் ஊர் தானாக வெதுவெதுப்பாகிவிடும் என்பது திட்டம். அதுவரை குளிர்காய வீட்டுக்கொரு கணப்பான் இரவல். ஐந்து வருடக் கெடு இன்றோடு முடிகிறது; கணக்கு முடித்துக் கணப்பான்களைத் திரும்ப எடுத்துப்போகப் பூமியிலிருந்து ஆய்வாளர் அம்மாள் வந்திறங்கியிருக்கிறார்.

தொட்டிப் பொறுப்பாளர் இசக்கியப்பன் விடிந்ததிலிருந்து வாயுவை அளக்கும் மானியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன அந்தக் கிருமிகள் ஐந்து வருடமாக அவரை ஏய்த்துவந்தன. காற்றைக் கூட்டினால் வாயுவே விடாமல் படுத்துக்கொண்டன. குறைத்தால் சமர்த்துப் பிள்ளைகளாக மிச்சமில்லாமல் தின்று, வெறும் நைட்ரஜனை விட்டன. வாயுமானி ஒரு நாளும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. வீட்டிலோ பிறந்து இருபதே நாளான மகள். கணப்பான் போனால் பிள்ளை விறைத்துவிடும்.

“மானம் போனா போவுது. தோத்துட்டேன்னு அந்தம்மா கால்ல விழுந்துருங்க. கணப்பான மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்லுங்க” என்றாள் மனைவி பேச்சியம்மாள்.

ஆய்வாளர் நளினாட்சி வாயுமானியை ஏறிட்டும் பார்க்கவில்லை. “ஊர்ல எத்தனை பேர்?” என்றார்.

“நானூத்திப் பன்னெண்டு, மேடம். ஆனா வாயு ஒரு பொட்டுகூட...”

“தலைக்கு இவ்வளவு வாயுன்னு கையேட்டுல இருக்கு.” பெருக்கிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. “அடேயப்பா, இலக்கைத் தாண்டிட்டீங்க! உங்களுக்கு விருதே கொடுக்கலாம்.”

“ஐயோ மேடம், நான் தோத்துட்டேன்! மானியப் பாருங்க, பூஜ்யம்!”

“மானி பழுதா இருக்கும். கையேடு பழுதாகாது.”

தன் தோல்வியை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரு மனிதன் இப்படியா கெஞ்ச வேண்டும்? கெஞ்சினார். “வெளிய மைனஸ் முப்பது, மேடம். வீட்டுல பச்சப்புள்ள இருக்கு.”

“கையேட்டின்படி இப்ப பதினெட்டு. நல்ல இதமான சூடு” என்ற நளினாட்சி, கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டார்.

நளினாட்சி கொண்டுவந்த ஏவல் எந்திரங்கள் கணப்பான்களை எடுக்க வீடுவீடாக நுழைந்தன. பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு வாசலை மறித்த பேச்சியம்மாளை ஓர் எந்திரம் மரியாதையாகத் தூக்கி ஓரமாக நிறுத்தியது. இன்னொன்று கணப்பானைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறியது. பிள்ளை வீறிட்டது. இசக்கியப்பனுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

“அளக்காமலே கணக்கா? பூமியிலயும் இப்படித்தான் பண்ணுவீங்களா?”

“காலங்காலமா இப்படித்தான். தொட்டிதொட்டியா மூக்கைப் பிடிச்சிக்கிட்டுப் போய் யார் அளக்கறது?”

“பெறவு அங்க என்னதான் ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலியே! கணக்குப்படி பூமி இன்னும் குளுகுளுன்னுதான் இருக்கு” என்றார் நளினாட்சி.

பூமியின் வெயில் பொசுக்கிய தழும்பு அவர் கன்னத்தில் கருத்துக் கிடந்தது.